முதுகில் விழுந்த அடி

அத்தியாயம் 16

பியோ மான்சொக் கத்தினார்.

புசான் ஆஸ்பத்திரியின் எட்டாவது மாடி. ஆறு கட்டில் போட்ட அறை. மற்ற ஐந்து நோயாளிகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் தேப்யோன் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மான்சொக் கத்தி யாரும் கேட்டதில்லை என்று. பிறரைக் கத்த வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். நெத்திலிப் படகில் ஒருமுறை இரும்புக் கொக்கி அவர் உள்ளங்கையைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தபோதுகூட, "சாராயத்தை ஊத்துடா" என்று மட்டும்தான் சொன்னார்.

அவருடைய மகள் உன்சில் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஓங்கிய கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அவள் ஏன் கை ஓங்கினாள் என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மான்சொக்கின் நுரையீரலில் கட்டி. விலாவைத் திறந்து இடது நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்துவிட்டார்கள். நோயாளியோடு தங்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாஸ். மூத்த மகன் தொங்பில்லால் நெத்திலி சீசனில் படகை விட்டுவிட்டு வர முடியாது. ஆகவே அப்பாவின் அடி தாங்காமல் இருபது வயதில் தேகு நகரத்துக்கு ஓடிப்போய், அங்கே பியூட்டி பார்லர் வைத்துப் பிழைக்கிற உன்சில்லைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போன அன்று மான்சொக் வலைக் கழியால் அவள் வாயில் போட்டார். அவளுடைய முன்பல் இரண்டும் இப்போது பீங்கான்.

அப்படிப்பட்டவளிடம்தான், ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் கும் வந்து, "அப்பா முதுகுல நல்லா அடிங்க" என்றாள்.

உன்சில்லுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"நெஞ்சைத் திறந்து மூடியிருக்கு. சளி உள்ளயே தங்கிடுச்சுன்னா நிமோனியா வந்துடும். இந்த வயசுல அது வந்தா ஆள் தேற மாட்டாரு" என்றாள் கும். "கையை இப்படிக் குழிச்சு வச்சுக்கோங்க. கீழ இருந்து மேல அடிச்சுக்கிட்டே வாங்க. கொஞ்சிக் கொஞ்சித் தட்டினா ஒண்ணும் நடக்காது, சத்தம் வரணும். டேப் ஒட்டியிருக்கிற எடத்தை மட்டும் தொட்டுடாதீங்க."

"அடிக்கிறதுக்கெல்லாம் பாடம் வேண்டாம் சிஸ்டர். எங்க வீட்டுல எல்லாருக்கும் தானா வரும்."

அந்த டேப்புக்கு அடியில்தான் மான்சொக்கின் உயிர் இருந்தது என்றால் மிகையில்லை. முதுகெலும்பின் நடுவில், தண்டுவடத்தை மூடிய சவ்வுக்கு வெளியே, நூல் மாதிரி ஒரு குழாயைச் செருகி வைத்திருந்தார்கள். அதன் வழியாக மருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். நெஞ்சும் விலாவும் மரத்துப்போகும், ஆனால் ஆள் விழித்திருப்பார், கால் நடக்கும். வலி தெரியாததால் மான்சொக் இருமினார். இருமியதால் சளி வந்தது. மூன்று நாளாக எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கூடுதலாக வலித்தால் அமுக்குவதற்கு ஒரு பட்டனும் கொடுத்திருந்தார்கள். அதை அவர் தொடவே இல்லை. பட்டன் அமுக்குவது பொம்பளைகள் வேலை என்பது அவர் கட்சி.

ஒரு உண்மையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், உன்சில் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்த மூன்று நாளும் அந்த முதுகில் அடித்தபோது அவளுக்கு நன்றாக இருந்தது. அடித்துவிட்டு, கையை மோந்து பார்த்துக்கொண்டு, தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள்.

அதனால்தான் இன்று காலை அவர் கத்தியதும் அவள், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தாள்.

மயக்க மருந்து டாக்டர் தோ ஓட்டமும் நடையுமாக வந்தாள். உன்சில்லைவிடச் சின்னவள். ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு முடிந்து கொண்டுவந்திருந்தாள். அதை மான்சொக்கின் நெற்றியில் வைத்தாள். பிறகு நெஞ்சில் வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்காப்பா?"

"ஐஸ் ஜில்லுன்னு இல்லாம சுடவா செய்யும்?" மான்சொக் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"நேத்து இங்க வச்சப்ப ஒண்ணுமே தெரியலன்னீங்க."

"இன்னிக்குத் தெரியுது. எல்லா எடத்துலயும் தெரியுது. எடுத்துத் தொலை."

டாக்டர் தோவின் முகம் மாறியது. நர்ஸும் அவளுமாக அவரைப் பக்கவாட்டில் புரட்டினார்கள். டேப்பின் ஒரு ஓரம் சுருண்டு மேலே எழும்பியிருந்தது. நூல் குழாய் முழுசாக வெளியே வந்து சட்டை மடிப்புக்குள் கிடந்தது. முதுகுக்குள் போகவேண்டிய மருந்து மெத்தைவிரிப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"ரத்தம் உறையாம இருக்கிற ஊசியப் போட்டாச்சா?" என்றாள் டாக்டர்.

"விடிஞ்சதுமே போட்டாச்சு டாக்டர்."

"அப்பா, கால் விரலை ஆட்டுங்க. ரெண்டு காலையும். மடக்குங்க. சரி." அவள் மூச்சு விட்டாள். பிறகு உன்சில் பக்கம் திரும்பினாள். "அந்த ஊசி வேலை செஞ்சுக்கிட்டிருக்கிறப்ப குழாய உருவினாலும் ஆபத்து, புதுசா வச்சாலும் ஆபத்து. உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டிக்கிச்சுன்னா ரெண்டு காலும் வெளங்காமப் போயிடும். இன்னிக்குப் பூரா காலைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். சாயந்திரம் வரைக்கும் நான் முதுகுல ஊசி வைக்க முடியாது."

"அதுவரைக்கும்?"

"கைல ஊசி போடுறோம். வலி கொஞ்சம் மட்டுப்படும். ஆனா தூங்கி வழிவாரு, இரும மாட்டாரு."

இந்த நேரம் பார்த்துத்தான் தொங்பில் உள்ளே நுழைந்தான். கையில் சிப்பிக் கஞ்சி டப்பா. விடிகாலையில் படகை விட்டு இறங்கி, மீன் செதிலோடு நேராக இங்கே வந்தவன். உன்சில் குளிக்கப் போனபோது பாஸை மாற்றி வாங்கி அப்பாவோடு இருந்துவிட்டு, கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தான். கட்டிலைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். தங்கையின் சிவந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

அவளை ஓங்கி அறைந்தான்.

உன்சில் பக்கத்துக் கட்டிலின் மருந்துக் கம்பியில் போய் விழுந்தாள். அந்தக் கட்டிலில் இருந்த கிழவர் தன் விலாவிலிருந்து தொங்கிய கண்ணாடிப் பாட்டிலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"என் பாட்டிலை ஒடைச்சிராதீங்கப்பா. என் மூச்சு அதுலதான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார்.

உன்சில் எழுந்தாள். அழவில்லை. அண்ணன் மேசையில் வைத்த கஞ்சி டப்பாவை எடுத்து அவன் முகத்தில் அப்படியே கவிழ்த்தாள். கொதிக்கிற கஞ்சி. அவன் அலறிக்கொண்டே அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான். கட்டில் கம்பியில் முகத்தை மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. அவள் முழங்காலால் அவன் அடிவயிற்றில் கொடுத்தாள். அவன் மடங்கினான், ஆனால் முடியை விடவில்லை. நர்ஸ் கும் இடையில் பாய்ந்தாள், அவளுக்கும் ஒரு முழங்கை இடி கிடைத்தது. காவலாள் இரண்டு பேர் வந்து பிய்த்து எடுக்கும்போது, உன்சில்லின் பீங்கான் பல் ஒன்று தரையில் கிடந்தது.

"பழி வாங்கத்தான்டீ வந்திருக்கே. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் தொங்பில். கஞ்சி கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டது நீதானே. வராம இருந்திருந்தா அதுக்கும் திட்டியிருப்பே."

"அடிக்கச் சொன்னா பிடுங்கிப் போட்டுட்டு நிக்கிற."

"நான் பிடுங்கல."

"உன் கை எப்படிச் சிவந்திருக்கு பாரு. அப்பா முதுகு எப்படி இருக்கும்?"

உன்சில் வாயைத் துடைத்தாள். கை முழுக்க ரத்தம்.

டாக்டர் தோ கதவுப் பக்கம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "சண்டையை வெளிய வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். யார் அந்த முதுகுல கை வச்சது?"

"இவதான்" என்றான் தொங்பில்.

"நான்தான் பிடுங்கினேன்."

சொன்னது மான்சொக். எல்லாரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

"அரிச்சுது. பின்னால கையை விட்டுப் பிடுங்கிட்டேன். போதுமா?"

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு மூளை குழம்பும். குழாயெல்லாம் பிடுங்குவாங்க. அப்படின்னா இதுவே கடைசி. தானா பிடுங்குறவருக்கு நான் மறுபடி வைக்க முடியாது, அடுத்த தடவை கால் போயிடும். நெஞ்சுல ரத்தமும் நீரும் வடிய வச்சிருக்கிற குழாயையும் பிடுங்கிட்டா உயிரே போயிடும். கையைக் கட்டித்தான் வைக்கணும்." நர்ஸைப் பார்த்தாள். "வீட்டுக்காரங்ககிட்ட சம்மதம் வாங்கிடுங்க."

தொங்பில்லைக் காவலாள் முகம் கழுவ இழுத்துப் போனான். உன்சில் நனைந்த விரிப்பை மாற்றப் புதிதாக ஒன்று எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

அங்கே பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அதில் நேற்றுவரை இல்லாத ஒரு பொருள் கிடந்தது. பச்சைத் துண்டு. உள்ளங்கையை நுழைத்துக்கொண்டு அழுக்குத் தேய்க்கிற, எங்கள் ஊர்க் குளியல் கூடம் எல்லாவற்றிலும் தொங்குகிற அந்தச் சொரசொரத் துண்டு. இன்னும் ஈரம் காயவில்லை. சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்ட அழுக்கு. அதன் நடுவே கோந்து பிடித்த டேப்பின் ஒரு கீற்று.

உன்சில் குனிந்தபடியே இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு தகப்பனுக்கு வாய்க்கிற பெரிய பாக்கியம். மகன் கொதிக்கிற தொட்டியோரம் உட்காரவைத்து அப்பாவின் முதுகைத் தேய்த்துவிட்டால், அப்பன் அதைப் பத்து நாளைக்குக் கடைத்தெருவில் சொல்லித் திரிவான். மான்சொக்கும் வருஷப் பிறப்புக்கு முதல் நாள் தொங்பில்லைக் கூட்டிக்கொண்டு குளியல் கூடத்துக்குப் போவார். இரண்டு பேரும் சிவந்துபோய், வாழைப்பழப் பால் குடித்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வருவார்கள். அந்த ஒரு நாள் அவர் யாரையும் அடிக்கமாட்டார். உன்சில் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

மூன்று நாளாகக் குளிக்காத அப்பாவின் முதுகைப் பார்த்து அந்த மடையன் தொங்பில்லுக்கு மனசு தாங்கவில்லை. திரையை இழுத்துவிட்டு, வெந்நீர் வைத்து, முழு பலத்தோடு தேய்த்திருக்கிறான். மரத்துப்போன முதுகு. குழாய் நழுவியது கிழவருக்கும் உறைக்கவில்லை, தேய்த்தவனுக்கும் தெரியவில்லை. மருந்தின் வேகம் இறங்க இறங்கத்தான் வலி ஏறியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து முதுகில் விழுந்தது உன்சில்லின் கை.

அவள் துண்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மான்சொக்கின் கண் அதன்மேல் நின்றது.

"உள்ள போடு" என்றார்.

"உங்களுக்குத் தெரியும்."

"அவன் என் முதுகத் தேய்ச்சான். விடிஞ்சதும் விடியாததுமா, கடல்ல இருந்து வந்து, கை காலெல்லாம் வெறைச்சுப்போயி, உக்காந்து தேய்ச்சான்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி மூச்சுத் தேடினார். "அது அவன் கையாலதான்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

"என் கையாலன்னு அவன் நெனைச்சா பரவாயில்லயா?"

"உனக்குப் பழக்கம்தானே."

உன்சில் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அடித்த எந்த அடியும் இப்படி இறங்கியதில்லை. ஓங்கித் துண்டாலேயே அவர் முகத்தில் அடிக்கலாமா என்று இருந்தது. அடிக்கவில்லை. அதைவிட நல்ல வழி ஒன்று கையில் இருப்பது அவளுக்குப் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றால் போதும். துணியால் அவர் கையைக் கட்டுவார்கள். குழாய் மறுபடி வராது. விலா பிளந்த வலியோடு, கட்டிப்போட்ட கையோடு, ஒவ்வொரு இருமலுக்கும் அவர் கத்துவார். ஒருநாள் இருமவே மாட்டார். அவள்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்பா சொன்னதை மீறாத மகள். சிறுவயதில் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு இப்படி எதையோ அவள் வேண்டிக்கொண்டதுண்டு.

துண்டைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

தொங்பில் திரும்பி வந்தான். முகம் ஒரு பக்கம் வெந்து சிவந்திருந்தது. நர்ஸ் கும் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டான், மூத்த மகனாயிற்றே. பிறகு, "மத்தவங்க வேண்டாம், நானே கட்டுறேன்" என்றான். அகலமான வெள்ளைப் பட்டியை அப்பாவின் இடது மணிக்கட்டில் சுற்றினான். வலையில் போடுகிற அதே முடிச்சைப் போட்டான்.

"மன்னிச்சுக்கோங்கப்பா. மன்னிச்சுக்கோங்க."

"இறுக்கிக் கட்டுடா" என்றார் மான்சொக். "நல்லா... கட்டு." அதற்குமேல் பேச்சு வரவில்லை. இரும வந்தது. இருமல் விலாவில் முட்டி நின்றது, வெளியே வரவில்லை. தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். பிராணவாயுவை அளக்க விரலில் மாட்டியிருந்த கருவி கூவ ஆரம்பித்தது. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

உன்சில் அந்த உதட்டைப் பார்த்தாள். தான் வேண்டிக்கொண்டது கண்முன்னால் நடக்கும்போது அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதை நான் அன்பு என்று சொல்லமாட்டேன். அவளைக் கேட்டால் அவளும் சொல்லமாட்டாள்.

பையிலிருந்து துண்டை எடுத்து அண்ணன் முகத்தில் எறிந்தாள்.

"உன் துண்டு. அதுல ஒட்டியிருக்கிற டேப்பைப் பாரு."

தொங்பில் பார்த்தான்.

"அவரு பிடுங்கல. நான் பிடுங்கல. நீ தேய்ச்சதுல வந்துடுச்சு. அவருக்கும் தெரியும். உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவரு கையைக் கட்டிக்கிட்டுச் சாகப் பாக்குறாரு. சிஸ்டர், டாக்டரக் கூப்பிடுங்க. இவரு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எப்பவும் போல கேவலமா இருக்கு."

மான்சொக்கின் வலது கை இன்னும் கட்டப்படவில்லை. சளி துப்புகிற எவர்சில்வர் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. எடுத்து எறிந்தார். குறி தப்பவில்லை, அவருக்கு எப்போதும் தப்பாது. உன்சில்லின் புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. எறிந்த வேகத்தில் அவர் விலாத் தையல் இழுத்தது. இன்று இரண்டாவது தடவையாக அந்த மாடி முழுக்க அவர் சத்தம் கேட்டது.

தொங்பில் துண்டைப் பிடித்தபடி நின்றான். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சுவரில் குத்தினான். எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதே கையால் இன்னொரு தடவை குத்தினான். காவலாள் நெருங்குவதற்குள் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டான்.

"அவனை... நிறுத்து" என்றார் மான்சொக். யாரும் நிறுத்தவில்லை.

டாக்டர் தோ வந்தாள். துண்டைப் பார்த்தாள், முதுகில் சிவந்து கீறியிருந்த தோலைப் பார்த்தாள், உன்சில்லின் புருவத்தையும் பார்த்தாள். "உங்க குடும்பத்துல யாராவது ஒருத்தர் காயம் இல்லாம இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கைக்கட்டை அவிழ்த்தாள். "சாயந்திரம் மறுபடி வைக்கிறேன். அதுவரைக்கும் அவரை இரும வைக்கிறது உங்க பொறுப்பு."

அந்தப் பகலை எப்படிச் சொல்வது? கையில் போட்ட ஊசியில் அவர் தூங்குவார், மூச்சு மேலோட்டமாகிவிடும், கருவி கூவும். உன்சில் கன்னத்தில் தட்டி எழுப்புவாள். தலையணையை அவர் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இருமுங்க" என்பாள். அவர் மாட்டேன் என்பார். அவள் முதுகில் அடிப்பாள். ஒருதடவை வலி தாங்காமல் அவள் முன்கையைக் கடித்துவிட்டார். பல் பதிந்தது. அவள் கையை இழுக்கவில்லை. கடித்தபடியே அவர் இருமினார், அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள். நடுநடுவே நர்ஸ் வந்து கால் விரலை ஆட்டச் சொன்னாள். ஆட்டினார்.

சாயந்திரம் டாக்டர் தோ புதுக்குழாயோடு வந்தாள். நோயாளி வளைந்து உட்கார வேண்டும், இம்மியும் அசையக் கூடாது. நர்ஸ் கும் பிடித்தால் அவர் உதறினார். "நீங்க பிடிங்க" என்றாள் டாக்டர்.

உன்சில் அவருக்கு எதிரில் நின்று, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து அவரோடு இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை, அடி வாங்கிய நேரங்களைத் தவிர. அவர் தலை கனத்தது. அவளுக்கு அழுகை வந்தது, அதில் அவளுக்கே கோபம்.

"உன்னை மன்னிக்க மாட்டேன்" என்றார் அவள் காதுக்குள்.

"அசையாதீங்க. ஊசி தண்டுவடத்துக்குப் பக்கத்துல இருக்கு."

"செத்தாலும் மன்னிக்க மாட்டேன்."

"சரி. மூச்ச மட்டும் விடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ஐஸ் கட்டியை நெஞ்சில் வைத்தாள்.

"ஜில்லுன்னு இருக்கா?"

மான்சொக் தலையைக் குனிந்தார். ஐஸ் அவர் விலாவில் நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார், அது யாருடைய விலாவோ என்பதுபோல. காலையிலிருந்து ஏறியிருந்த தோள் இரண்டும் மெல்ல இறங்கின. நெஞ்சு விரிந்தது. ஒரு முழு மூச்சு, அடிவரைக்கும் உள்ளே போனது.

அந்த முதல் முழு மூச்சை அவர் எதற்குச் செலவழித்தார் தெரியுமா?

"வெளிய போடீ, நாயே. பெத்த அப்பனோட மானத்தை வாங்கினவளே."

அறையே அதிர்ந்தது. பாட்டில் கிழவர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். டாக்டர் தோ கருவியில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, "நல்லது. இன்னொரு தடவை திட்டச் சொல்லுங்க" என்றாள்.

உன்சில் புருவத்துக் கட்டோடு அவர் பின்னால் போய் நின்றாள். "திட்டுங்கப்பா. நல்லா இழுத்துத் திட்டுங்க."

அவர் திட்டினார். அவள் அடித்தாள், புதுக் குழாயை விட்டுத் தள்ளி, கீழிருந்து மேலாக. அவளை, அவள் அம்மாவை, தேகு நகரத்தை, அவள் வெட்டிய முடிகளை எல்லாம் திட்டினார். ஐந்தாறு திட்டுக்குப் பிறகு இருமல் வந்தது. வயிற்றிலிருந்து வந்த முரட்டு இருமல். பழுப்பு நிறத்தில், ரத்தக் கோடு ஓடிய கெட்டிச் சளி கிண்ணத்தில் வந்து விழுந்தது. நர்ஸ் கும் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பிள்ளை பிறந்த மாதிரிச் சிரித்தாள்.

மான்சொக் சாய்ந்து படுத்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது.

"தொங்பில்லைக் கூப்பிடு" என்றார். "வலிக்கலன்னு சொல்லு."

உன்சில் வராந்தாவுக்கு வந்து போன் போட்டாள். நெடுநேரம் அடித்தது. எடுத்தது அண்ணன் இல்லை, துறைமுகத்தில் ஐஸ் விற்கிற மேங்.

"உன்சில்லா? உங்கண்ணன் போனை என் ஐஸ் பெட்டி மேல வச்சுட்டுப் போயிட்டான்மா. படகு இல்ல. ஒத்தை ஆளா எடுத்துட்டுப் போயிருக்கான், கையில துணியச் சுத்திக்கிட்டு. நான் கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"கடல் எப்படியிருக்கு?"

"புயல் எச்சரிக்கை போட்டு ரொம்ப நேரம் ஆச்சு. எல்லாப் படகும் கரையிலதான் கெடக்கு. கடலோரக் காவலுக்குச் சொல்லியாச்சு. அப்பாகிட்ட சொல்லிடும்மா."

ஜன்னல் கண்ணாடியில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போனாள். மான்சொக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

வலையை உதறித்தான் எங்கள் ஊரில் நெத்திலியை எடுப்பார்கள், அந்த வேலைக்கு நடுவில் யாரும் போன் பேசமாட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

"வலை உதறிக்கிட்டு இருக்கானாம். நாளைக்கு வர்றேன்னான்."

அவள் சொன்ன எதையும் அவர் இதுவரை நம்பியதில்லை. சிறுவயதில் அவள் உண்மை சொன்னதற்கெல்லாம் பொய் சொல்கிறாள் என்று அடித்திருக்கிறார். இன்றைக்கு அவள் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டு, நம்பினார்.

"கையில கட்டுப் போட்டானா, கேட்டியா?"

"போட்டிருக்கான்."

"சரி" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே எழுந்து உட்கார்ந்தார். முதுகை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அடி. அவன் வர்றப்ப நான் நல்லா இருக்கணும்."

உன்சில் கையைக் குழித்தாள். ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். அவர் காத்துக்கொண்டிருந்ததால் அடித்தாள்.